மோட்டார் கொட்டகைக்குப் போன கண் மருந்து

அப்பா கண் முகாமுக்குப் போனது புரை அறுவைக்காகத்தான். செலியமேட்டில் அவர் வயதுக்காரர்கள் பலருக்கும் அது நடந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் முகாம் போடுவார்கள். கண்ணில் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். புரை இருப்பவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போவார்கள். போனவர்கள் கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி, சில நாளில் கடைத்தெருவில் நின்று, தூரத்தில் வரும் பஸ்ஸின் பலகையை உரக்கப் படித்துக் காட்டுவார்கள். கண் மங்கினால் அது புரை, புரைக்கு அறுவை, அறுவை முடிந்தால் பார்வை திரும்பும் என்பது எங்கள் ஊரில் யாரும் சந்தேகப்படாத வரிசை. புரை நன்றாக முற்ற வேண்டும் என்ற ஒரு நிபந்தனை மட்டும் அதில் உண்டு. இப்போதெல்லாம் மருத்துவர்கள் அப்படிக் காத்திருக்கச் சொல்வதில்லை. ஆனால் கரும்பும் நெல்லும் விளைவிக்கிறவர்களுக்கு முற்றுவதற்குக் காத்திருப்பது இயல்பாக வருகிறது.

முகாமிலிருந்து அப்பா நடந்தே வீட்டுக்கு வந்தார். வேனில் ஏற்றப்பட்ட பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகக் கையாட்டினாராம். அம்மா கேட்டதற்கு, "நமக்கு இன்னும் முத்தலையாம்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

மூத்த மகளான நான் திருமணமாகி உறுவையாறில் இருக்கிறேன். அப்பா முகாமில் தன் கைபேசி எண் நினைவில்லாமல் என் எண்ணைக் கொடுத்திருந்தார். அந்த வாரமே அங்கிருந்து ஒரு பெண் அழைத்தார். உங்கள் அப்பாவை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருந்தோம், போனாரா என்று கேட்டார். புரை முற்றவில்லை என்றல்லவா சொன்னீர்கள் என்றேன். புரை அவருக்குப் பெரிதாக இல்லை, கண்ணின் அழுத்தம்தான் அதிகம், அதை அவரிடம் இரண்டு முறை சொன்னோம் என்றார். அப்பாவிடம் கேட்டபோது அவர் மறுக்கவில்லை. அந்தப் பெண் ஏதோ பிரஷர் என்று சொன்னது உண்மை, பிரஷர் எல்லோருக்கும்தான் இருக்கிறது, அதற்கு எதற்குக் கண் ஆஸ்பத்திரி என்று நினைத்தாராம்.

பாகூரிலிருந்து பஸ் பிடித்து அவரைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போனேன். அன்று முழுதும் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். கண் மரத்துப்போக மருந்து விட்டு, நீல வெளிச்சம் விழும் ஒரு சிறு கருவியைக் கருவிழியில் தொட வைத்து அழுத்தத்தை அளந்தார்கள். கண்பாப்பாவை விரியச் செய்து நரம்பைப் பார்த்தார்கள். பிறகு ஒரு வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். நடுவில் உள்ள புள்ளியையே பார்க்க வேண்டும், சுற்றிலும் எங்கே சிறு வெளிச்சம் தோன்றினாலும் பொத்தானை அழுத்த வேண்டும். அப்பா தாளம் தப்பாமல் அழுத்திக்கொண்டிருந்தார். சோதனை செய்த பெண் நிறுத்தி, "ஐயா, வெளிச்சம் வந்தா மட்டும் அழுத்துங்க" என்றார். "வராதப்ப சும்மா கெடக்கணுமா?" என்று அப்பா கேட்டார். இடது கண்ணுக்கு அந்தச் சோதனையை மறுபடி செய்தபோது அவர் கை பெரும்பாலும் சும்மாதான் கிடந்தது. வெளியே நின்ற எனக்குப் பொத்தானின் ஓசை அபூர்வமாகத்தான் கேட்டது.

மருத்துவர் நடுவயதுப் பெண்மணி. கண்ணின் பிளாஸ்டிக் மாதிரி ஒன்றை மேசையில் வைத்துப் பேசினார். கண்ணுக்குள் ஒரு நீர் ஓயாமல் ஊறிக்கொண்டே இருக்கிறது. அழும்போது வருகிற கண்ணீர் அதுவல்ல, இது உள்ளேயே சுற்றி, கருவிழியின் ஓரத்தில் சல்லடை போன்ற ஒரு வழியாக வடிந்துவிடும். அந்த வடிகால் சரியாக வேலை செய்யாவிட்டால் நீர் தேங்கி உள்ளே அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் கண்ணின் பின்புறத்திலிருந்து மூளைக்குப் போகும் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிக்கும். வலி இருக்காது, சிவக்காது. ஓரப்பார்வைதான் முதலில் போகும், நேர்ப்பார்வை கடைசிவரை நிற்கும் என்பதால் பலருக்குத் தெரியவே தெரியாது. ஒரு கண் இழந்ததை இன்னொரு கண் மறைத்துவிடும்.

அப்பா இடது கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டார். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. "டாக்டரம்மா மூஞ்சி தெரியுது. பக்கத்துல கதவு இருந்துச்சே, அது இல்ல" என்றார்.

பல மாதங்களாக அவர் சட்டையின் இடது தோளில் சுண்ணாம்புக் கறை இருந்ததும், வண்டியை வீட்டுக்குள் ஏற்றும்போது இடப்புறம் மட்டும் உரசியதும் அப்போது எனக்கு ஒன்றாகச் சேர்ந்தன. அம்மா அதையெல்லாம் கவனக்குறைவு என்று திட்டிக்கொண்டிருந்தார்.

வடிகால் என்ற சொல் அப்பாவுக்குப் பிடித்துக்கொண்டது. "அடைச்சிருந்தா தூர் வாரிடலாமேம்மா" என்றார். மருத்துவர் சிரித்தார். லேசர், அறுவை இரண்டும் ஏறத்தாழ அந்த வகைதான், ஆனால் முதலில் சொட்டு மருந்தில் அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்போம் என்றார். இரவு ஒரு சொட்டு, இரண்டு கண்ணிலும். விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை விரலால் கொஞ்ச நேரம் அழுத்திக்கொள்ள வேண்டும். மருந்தை வெயில் படாமல், குளிர்ச்சியாக, ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். ஒரு நாளும் விடக்கூடாது.

"எத்தினி நாளைக்கு?" என்றார் அப்பா.

"இருக்கற வரைக்கும் போடணும். போன பார்வை வராதுங்க. வலது கண்ணுல இப்பதான் ஆரம்பிச்சிருக்கு. அதைக் காப்பாத்தத்தான் இந்த மருந்து. போட்டா உங்களுக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியாது. போடாட்டியும் தெரியாது. அதனாலதான் பல பேரு விட்டுடறாங்க."

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். இது குடும்பத்தில் தொடரக்கூடிய நோய், உடன் பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. நான் அன்றே பார்த்துக்கொண்டேன், எனக்கு ஒன்றுமில்லை, ஆண்டுக்கொருமுறை வரச் சொன்னார்கள். இதை வீட்டில் வந்து அப்படியே சொன்னேன். நான் பரிசோதனையைப் பற்றித்தான் சொன்னேன், அம்மாவுக்குக் கேட்டது குடும்ப வியாதி என்ற ஒன்று மட்டுமே என்பதைப் பின்னால்தான் அறிந்தேன்.

முதல் சில நாட்கள் வேறொரு குழப்பத்தில் போயின. பிரஷர் என்பதால் அம்மா குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டார். ஊறுகாய், கருவாடு எல்லாம் நின்றன. கண்ணில் வருவதும் ரத்தத்தில் வருவதும் வேறு வேறு என்று விளக்கி, இலையில் உப்பைத் திரும்பக் கொண்டுவர எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. மருந்து விடும் வேலையை அம்மாதான் ஏற்றுக்கொண்டார். இரவு தொலைக்காட்சித் தொடரின் பாட்டு ஆரம்பித்ததும் அப்பா நாற்காலியில் சாய்ந்து கொள்வார், அம்மா ஃப்ரிட்ஜின் கதவிலிருந்து புட்டியை எடுத்து வந்து சொட்டு விடுவார், பாட்டு முடியும்வரை அப்பா மூக்கோரத்தை அழுத்திக்கொண்டு கண்மூடி இருப்பார். நான் ஞாயிறுகளில் போகும்போது பார்த்திருக்கிறேன். இதைவிட ஒழுங்கான ஏற்பாட்டை எந்த ஆஸ்பத்திரியும் செய்துவிட முடியாது என்று நிம்மதியாக இருந்தேன்.

சித்திரையில் தங்கைக்கு வரன் வந்தது. அவள் வில்லியனூர்ப் பக்கம் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறாள். மாப்பிள்ளை வீடு கடலூர்ப் பக்கம், எங்களைப் போலவே நிலமுள்ள குடும்பம், பையனுக்குத் தொழிற்சாலையில் வேலை. இரண்டு ஜாதகமும் பொருந்தின. பெண் பார்க்க வந்தார்கள், இரு பக்கமும் பிடித்திருந்தது. ஆனி முடிவதற்குள் நிச்சயம் செய்துவிட வேண்டும், ஆடி பிறந்துவிட்டால் பேச்சு தள்ளிப்போய்விடும் என்று அம்மா நாளை எண்ணிக்கொண்டிருந்தார். தங்கையையும் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறேன் என்றேன். கல்யாணம் ஆகட்டும் என்றார் அம்மா. அதை நான் வேலைப் பளு என்று எடுத்துக்கொண்டேன்.

வைகாசியில் அப்பாவுக்கு அடுத்த பரிசோதனை. மருத்துவர் அழுத்தத்தை அளந்தார், இன்னொரு முறை அளந்தார். முதல் நாள் இருந்த அளவிலிருந்து அது இறங்கவே இல்லை. மருந்து விடுகிறீர்களா என்று கேட்டார். "போட்டுக்கினுதாம்மா இருக்கேன்" என்றார் அப்பா. அவர் குரலில் ஏதோ குறைந்திருந்தது. சிலருக்கு ஒரு மருந்து மட்டும் போதாமல் போகலாம், அடுத்த முறையும் இப்படியே இருந்தால் இரண்டாவது மருந்தோ அறுவையோ யோசிக்க வேண்டும், வலது கண் நரம்பைப் பணயம் வைத்துக் காத்திருக்க முடியாது என்றார் மருத்துவர்.

வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். கதவில் புட்டி இல்லை. அம்மாவைக் கேட்டேன். அவர் அரிசி களைவதை நிறுத்தாமல் சொன்னார், "மோட்டார் கொட்டாயில இருக்குது."

எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் கூடத்தில் இருக்கிறது. சமையலறையில் அதற்கு இடமில்லை. வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்ற எண்ணமும் வாங்கிய காலத்தில் இருந்தது. இந்தப் பக்கத்துப் பல வீடுகளில் அப்படித்தான். பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் குளிர்பானம் அதிலிருந்துதான் எடுத்துத் தருவோம், உறவு நெருங்கிவிட்டால் அவர்களே திறந்து தண்ணீர் எடுப்பார்கள். மாப்பிள்ளையின் சித்தி எங்கள் ஊரிலேயே அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவர். வரன் பேச்சு ஆரம்பித்ததிலிருந்து மோர் இருக்கிறதா, மாவு இருக்கிறதா என்று வேளை பார்க்காமல் வந்துகொண்டிருந்தார். மருந்துப் புட்டியை அவர் கையில் எடுத்துப் பார்த்து இது யாருக்கு என்று கேட்டுவிட்டால் என்ன சொல்வது? பெண் பார்க்க வந்ததற்கு முந்தைய நாள் அம்மா புட்டியை அப்பாவின் சட்டைப் பையில் போட்டு அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து அது அங்கேயே இருந்தது.

நான் வயலுக்கு நடந்தேன். கத்திரி வெயிலின் கடைசி நாட்கள். கொட்டகைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. உள்ளே நுழைந்ததும் மூச்சு முட்டியது. ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேல் இருந்த பலகையில், கற்பூரப் பெட்டிக்கும் பழைய ஃப்யூஸ் கட்டைகளுக்கும் நடுவில் புட்டி நின்றது. கையில் எடுத்தபோது டீ கிளாஸ் போலச் சுட்டது.

அப்பா பின்னாலேயே வந்தார். மாலையில் மோட்டாரை நிறுத்திவிட்டுத் தானே அண்ணாந்து விட்டுக்கொள்வதாகச் சொன்னார். சில நாள் சொட்டு கன்னத்தில் விழுந்துவிடும். பகலில் மோட்டாருக்கு முறை மின்சாரம் வராத நாட்களில் கொட்டகைக்கே வருவதில்லை. "ஆனி வரைக்கும்தானேம்மா. அப்பறம் ஒழுங்கா போட்டுக்கறேன்" என்றார். அந்தக் கணக்கு அவருக்கு நியாயமாகவே பட்டது. தண்ணீர் பாய்ச்ச ஒரு தவணை தவறினால் அடுத்த தவணையில் சேர்த்துப் பாய்ச்சுவது அவர் அறிந்தது. இங்கே காய்ந்தது துளிர்க்காது என்பதை நான் திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது.

அன்று மாலை வீட்டில் பேச்சு நடந்தது. அம்மாவின் பக்கத்தை நான் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை, இன்றும் விரும்பவில்லை. ஒரு பெண்ணின் குடும்பத்தில் கண்நோய் இருக்கிறது என்ற செய்தி பரவினால் அது எங்கே போய் முடியும் என்பதை என்னைவிட அவர் அறிவார். நான் படித்தது சமூகப்பணி. நோயை மறைப்பதால் விளையும் கேடுகளைப் பற்றிக் கூட்டங்களில் பேசுவது என் தொழிலின் ஒரு பகுதி. ஆனால் அந்தக் கூட்டங்கள் எதிலும் நிச்சயதார்த்தத் தேதி நெருங்கிக்கொண்டிருக்கும் தாய் என்னைப் பார்த்து உட்கார்ந்திருந்ததில்லை.

"ஒரு கண்ணு போனாலும் எனக்கு அவரு புருசன்தான்" என்றார் அம்மா. "இவளுக்கு வர்றவன் அப்பிடி நெனைப்பானா? நாளைக்கு இவளுக்கும் வருமா, பொறக்கற புள்ளைக்கும் வருமான்னு அவங்க வூட்ல கேப்பாங்களா, மாட்டாங்களா?"

கேட்பார்கள், கேட்க உரிமையும் உண்டு என்றேன். வரலாம், வராமலும் போகலாம், வந்தாலும் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பார்வையைக் காப்பாற்றலாம் என்பதுதான் உண்மையான பதில். அந்தப் பதிலைச் சொல்ல நாம் பயந்தால் அவர்கள் அதைவிட மோசமானதை நினைத்துக்கொள்வார்கள் என்றேன். இதையெல்லாம் அவர் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை.

வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்த தங்கை அங்கிருந்தே பேசினாள். "ஃப்ரிட்ஜத் தொறந்து பாத்துட்டு ஓடிப்போற மாப்பிள்ளைய வச்சிக்கினு நான் இன்னா பண்ணப் போறேன்? அவன் வூட்டு ஃப்ரிட்ஜுல இன்னா இருக்குதுன்னு நம்ம யாராவது போய்ப் பாத்தமா?"

"வாய மூடுடி" என்றார் அம்மா.

முடிவு அப்பாவுடையது. அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க வருவதாக இருந்தது. பெண் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் உறுதி என்று பொருள். அதன் பிறகு பின்வாங்குவது இரு தரப்புக்கும் அவமானம். சொல்லத்தான் வேண்டுமென்றால் அவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு சொல்லலாம் என்று அம்மா இறங்கி வந்தார். எனக்கு அது சொல்லாமல் இருப்பதைவிட மோசமாகப் பட்டது. சாப்பிட்ட கை அவர்களைக் கட்டிப்போட்டுவிடும். மனதில் வைத்துக்கொண்டு சம்மதிப்பார்கள், அந்த மனத்தாங்கல் பிறகு தங்கையின் மீதுதான் இறங்கும்.

அப்பா என்னைப் போல இவ்வளவு விரிவாக யோசிக்கவில்லை. "மாடு விக்கறப்பகூட கயித்தக் கையில குடுக்கறதுக்கு முன்னாடி கொறையச் சொல்லிடுவேன்" என்றார்.

"நான் மாடாப்பா?" என்றாள் தங்கை.

"மாடு நான்தான்டி. கொறை எனக்குத்தான?"

அம்மாவுக்குக்கூடச் சிரிப்பு வந்து, அதை மறைக்க அடுப்படிக்குப் போனார். சூட்டில் இருந்த புட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்தேன். மறுநாள் பார்த்தபோது அது ஒரு கறுப்புப் பைக்குள், மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் இருந்தது. குளிர்ச்சியில் இருந்ததால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிறன்று நானும் என் கணவரும் காலையிலேயே போய்விட்டோம். அம்மா விடியலில் எழுந்து வடை, பாயசம், இரண்டு கூட்டு, பொரியல் என்று செய்திருந்தார். தோட்டத்தில் தலைவாழை இலைகள் நறுக்கிக் கழுவி வைக்கப்பட்டிருந்தன. மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, தாய்மாமன், அடுத்த தெரு சித்தி ஆகியோர் வந்தார்கள். வெயில், மழை, கரும்பு ஆலை வெட்டு உத்தரவு தராமல் இழுத்தடிப்பது என்று பேச்சு போயிற்று. இலை போட அம்மா எழுந்தபோது அப்பா, "கொஞ்சம் இரு" என்றார்.

அவர் வந்தவர்களைப் பார்த்து ஒரே மூச்சில் சொன்னார். "அண்ணே, எனக்குக் கண்ணுல ஒரு வியாதி. எடது கண்ணு பாதிக்கு மேல போயிடுச்சி. சோத்துக் கைப் பக்கம் நல்லாத்தான் இருக்குது, அதுக்கு மருந்து போட்டுக்கினு இருக்கேன். இது புள்ளைங்களுக்கு வந்தாலும் வருமாம், வராட்டியும் வராதாம். சின்னவளுக்கு இன்னும் பாக்கல. சாப்டறதுக்கு முன்னாடி சொல்லிட்டா எனக்கு மனசு நிம்மதி."

மாப்பிள்ளையின் அப்பா தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் கேட்ட கேள்விகள் நியாயமானவை. இது முழுக் குருடு ஆகிற வியாதியா என்றார். கவனிக்காவிட்டால் ஆகலாம், மருந்து விட்டால் பெரும்பாலும் தடுக்கலாம் என்றேன். பெண்ணுக்கு ஏன் இன்னும் பார்க்கவில்லை என்றார். நாளை மறுநாளே பார்த்துவிடுகிறோம் என்றேன். அவர் தலையாட்டினார். அம்மாவைப் பார்த்து, "முன்னாடியே சொல்லியிருக்கலாமே அண்ணி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுவே அம்மாவை அதிகம் தாக்கியது என்று நினைக்கிறேன்.

அவர்கள் தண்ணீர் மட்டும் குடித்தார்கள். வீட்டில் கலந்துகொண்டு போன் செய்வதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். தாய்மாமன் மட்டும் வாசலில் நின்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிவிட்டுப் போனார். கார் தெருவைத் தாண்டியதும் அம்மா இலைகளை எடுத்துக்கொண்டு போய் மாட்டின் முன்னால் போட்டுவிட்டார். சமைத்ததில் பாதி அண்டை வீடுகளுக்குப் போயிற்று. தங்கை வடையை எடுத்துக் கடித்துக்கொண்டு, உப்பு இன்று சரியாக இருக்கிறது என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

சொன்னபடி தங்கையை அழைத்துப் போனேன். அவளுக்கு அழுத்தமும் நரம்பும் இயல்பாக இருந்தன. எனக்குச் சொன்னதையே அவளுக்கும் சொன்னார்கள், ஆண்டுக்கொருமுறை வர வேண்டும். அதை மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிவித்தோம். ஆனி முடியும்வரை பதில் வரவில்லை. பிறகு சித்தி மூலமாக, ஆடி போகட்டும், பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். அதன் பிறகு சித்தி மோர் கேட்டு வருவதும் நின்றது.

அவர்கள் செய்ததில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு தகவலைக் கொடுத்தோம், அதை வைத்து அவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். தங்கை இரண்டு நாள் அதிகம் பேசாமல் இருந்தாள். அவள் மாப்பிள்ளைப் பையனோடு கைபேசியில் பேசத் தொடங்கியிருந்தாள் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். சொல்வதன் விளைவுகளை எடை போட்டபோது நான் அதை ஒரு தட்டில் வைத்திருக்கவில்லை. வைத்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது. ஆனால் அதன் கனம் தெரிந்தே முடிவெடுத்திருப்பேன். செய்தி ஊருக்குள் பரவியதில் வேறொரு விளைவும் இருந்தது. புரை முற்றட்டும் என்று காத்திருந்த இரண்டு பேர் அப்பாவிடம் வந்து, எந்த ஆஸ்பத்திரி என்று விசாரித்துப் போனார்கள். என் சித்தப்பா மட்டும் கரும்பு வெட்டு முடியட்டும் என்கிறார். அப்பாவின் உடன்பிறந்தவர் என்பதால் அவர்தான் முதலில் போக வேண்டியவர். இதை எழுதும்வரை அவர் போகவில்லை.

அம்மாவின் கோபம்தான் நீண்டது. என்னிடம் இரண்டொரு வார்த்தை பேசுவார், அப்பாவிடம் அதுவும் இல்லை. சாப்பாட்டை வைத்துவிட்டுத் தட்டை நகர்த்தும் ஓசையில் அவரை அழைப்பார். ஆடி மாதம் முழுதும் அந்த வீட்டில் இரவு ஒரே ஒரு வாக்கியம்தான் கேட்டது. தொடரின் பாட்டு ஆரம்பித்ததும் அம்மா ஃப்ரிட்ஜைத் திறப்பார். இப்போது புட்டி மீண்டும் கதவில்தான் இருந்தது, மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. அப்பாவின் முன்னால் வந்து நின்று, "அண்ணாந்து பாருங்க" என்பார். வலது கண்ணில் ஒரு சொட்டு, இடது கண்ணில் ஒரு சொட்டு. அப்பா மூக்கோரத்தில் விரலை வைத்துக்கொள்வார். அம்மா புட்டியை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். ஒரு நாளும் தவறவில்லை என்று தங்கை சொன்னாள்.

ஆடி முடிகிற சமயத்தில் அடுத்த பரிசோதனை. அந்த முறை அம்மாவும் வந்தார், ஆனால் மருத்துவர் அறைக்குள் வர மறுத்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். மருத்துவர் அளந்தார், திரும்ப அளந்தார், அழுத்தம் அவர் எதிர்பார்த்த அளவுக்கு இறங்கியிருந்தது. இரண்டாவது மருந்தும் அறுவையும் இப்போதைக்கு வேண்டாம் என்றார். வலது கண்ணின் ஓரப்பார்வைச் சோதனையிலும் புதிதாக எதுவும் இழக்கப்படவில்லை. கோடையில் என்ன நடந்தது என்று நான் சொல்லியிருந்தேன். சூட்டில் மருந்தின் வீரியம் போனதா, விடாமல் போன நாட்களா, கன்னத்தில் விழுந்த சொட்டுகளா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, மூன்றும் சேர்ந்தே இருக்கலாம் என்றார்.

"இப்ப யாரு மருந்து போட்டு விடறது?" என்று அப்பாவைக் கேட்டார்.

"என் வூட்டுக்காரிதாம்மா. பேசறதில்ல, போட்டு மட்டும் வுடுவா."

வெளியே வந்தோம். அம்மா எழுந்து நின்றார். அப்பாவைப் பார்க்காமல் என்னைக் கேட்டார், "போன வாட்டிக்கு இப்ப எப்பிடி?"

இறங்கியிருக்கிறது, வலது கண் அப்படியே இருக்கிறது என்றேன். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினார். வெளியே சாலையில் கூட்டம் அதிகம், ஆட்டோக்கள் இடப்பக்கமாக உரசிக்கொண்டு போயின. வழக்கமாக அப்பாவுக்குப் பின்னால் நடக்கிறவர், அன்று அவருடைய இடப்பக்கம் போய்ச் சேர்ந்து, சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை நடந்தார்.